வடம் தளர்ந்த பிறகு சொல்லும் சொல்

நான் எழுத வந்தது தப்பாக இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். உறவுக்குக் கடிதம் போட்டதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறப்பதற்கே எனக்குக் கூச்சம். அண்ணனுடைய வருஷ நினைவுக்கு ஒரு மலர் போடலாம் என்று பேச்சு வந்தபோது, படித்தவர்கள் யாராவது எழுதட்டும் என்றுதான் சொன்னேன். அண்ணி விடவில்லை. "அன்னைக்கு மண்ணச்சநல்லூர்ல நீதானே பக்கத்துல நின்னே. வேற யாருக்கு முழுசாத் தெரியும்? நீயே எழுது" என்றார்கள்.

எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அண்ணன் யாரையும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார் என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. ஸ்ரீரங்கத்தில் சின்ன மாமா வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாரும் வீட்டைப் புகழ்ந்தார்கள். அண்ணன் தளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரு ஐப்பசி மழை போகட்டும்" என்றார். மாமா இரண்டு தீபாவளிக்கு அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. இப்படி மனத்தாங்கல் உள்ளவர்கள் இந்த மலரைக் கையில் வாங்குகிறவர்களிலேயே இன்னும் சிலர் இருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அண்ணனுக்குப் பாராட்டத் தெரியும். அதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே வைத்திருந்தார். ஸ்ப்ளெண்டிட் என்பது அந்தச் சொல். அதை எப்போது சொல்லலாம் என்பதில்தான் அவருக்குக் கண்டிப்பு.

அண்ணன் பிறந்தது உறையூரில். அப்பா மாட்டு வண்டி ஓட்டினார். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஆற்றங்கரை மரவாடியில் மரம் தூக்கப் போனார். தோளில் காய்ப்பு இல்லாத நாளே எனக்கு நினைவில்லை. ஆனாலும் என்னை எட்டாவது வரை படிக்க வைத்தார். அம்மா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா இவ்வளவு" என்றால், "நம்ம வீட்ல ஒருத்தராவது போர்டு படிக்கணும்மா" என்பார்.

வாலிபத்தில் சில வருஷம் ஸ்ரீரங்கம் தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஆட்களோடு நின்றார். தேர் ஓடும்போது ஊரே கத்தும். முட்டுக்கட்டைக்காரன் காதில் அந்தச் சத்தம் விழக் கூடாது, விசில் மட்டும் விழ வேண்டும் என்பார். பிறகு பளு ஏற்றும் ஆட்களோடு சேர்ந்து மேஸ்திரி ஆனார். பாலத்துக்கு இரும்பு உத்தரம், மில்லுக்கு எஞ்சின் என்று திருச்சியைச் சுற்றி அவர் ஏற்றி இறக்காத பாரம் இல்லை. தினமும் காலையில் வடத்தை முழுநீளத்துக்கும் வெறுங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் காப்பி குடிப்பார். வேலை உள்ள நாளில் கள், சாராயம் தொட்ட ஆள் அவரிடம் நிற்க முடியாது.

அவருடைய ஆட்களுக்குள் ஒரு கட்டு இருந்தது. பாரம் மேலே இருக்கும்போது மேஸ்திரி குரல் மட்டும்தான் கேட்க வேண்டும். "நல்லாப் போவுது" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் கண்ணேறு என்பார்கள் ஆட்கள். அண்ணன் அப்படிச் சொல்ல மாட்டார். "நல்லாப் போவுதுன்னு சொன்னா கை தானா இளகும்" என்பார். இன்னொன்று, பொறுப்பில் இருப்பவர் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லும் உத்தரவு. அந்தச் சொல் புரியவில்லை என்றால் அதற்கு 'நில்' என்று பொருள்.

எனக்கு மண்ணச்சநல்லூரில் கல்யாணம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு அரிசி மில்லில் பிட்டருக்கு உதவியாள். மில் முதலாளி புதிதாகப் பாய்லர் வாங்கினார். அதற்கு ஒரு உயரமான இரும்புப் புகைபோக்கி. அதை நிறுத்தும் வேலை அண்ணனுக்கு வந்தது. பாய்லர் விற்ற கம்பெனியிலிருந்து மேற்பார்வைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தாலும் எல்லாரும் அவரைத் துரை என்றே சொன்னோம். நல்ல மனிதர். ஆட்களோடு வெயிலில் நிற்பார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மில் கணக்குப்பிள்ளைதான் அவர் பேசுவதைத் தமிழில் சொல்வார். வேலைக்கு வேண்டிய அப், டவுன், ஸ்லோ, ஸ்டாப், குட் போன்ற சொற்கள் அண்ணனுக்கே தெரியும்.

அது ஆடி மாதம். காற்று அடங்கட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். துரைக்குச் சென்னைக்குத் திரும்ப வேண்டிய அவசரம். முதலாளிக்கு அறுவடைக்கு முன் மில் ஓட வேண்டிய அவசரம். விடிந்ததும் ஆரம்பித்துக் காற்று கிளம்புவதற்குள் முடிப்பது என்று முடிவானது. அன்றைக்கென்று கணக்குப்பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டார்.

ஆட்கள் எல்லாருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் இட்லிக் கூடையோடு மில் களத்துக்குப் போனபோது புகைபோக்கி பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்தது. ஒரு பெரிய கம்பத்தின் உச்சிக் கப்பியில் வடம் ஓடியது. வடத்தைச் சுருட்டும் வின்சை, அண்ணனோடு வெகுகாலம் வேலை பார்த்த காதர் பாய் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன். புகைபோக்கி ஆடாமல் இருக்க நான்கு பக்கமும் கயிறு பிடித்து ஆட்கள் நின்றார்கள். அடியில், அது வந்து உட்கார வேண்டிய போல்ட்டுகளுக்குப் பக்கத்தில், கடப்பாரையோடு மூன்று பேர். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். அவர் அங்கே நிற்கப்போகிறார் என்று வீட்டில் எனக்குச் சொல்லவில்லை. கூடையை இறக்கிவைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

புகைபோக்கிக்கு அந்தப் பக்கம் துரை நின்றார். அண்ணன் நின்ற இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. அந்தப் பக்கத்துக்குத் துரைதான் கண். ஏதாவது விலகினாலோ பிசகினாலோ அவர்தான் சொல்ல வேண்டும்.

புகைபோக்கி நேராக நிமிர்ந்து, அடிப்பாகம் தரையை விட்டு முழங்கால் உயரம் எழும்பியது. அந்த நேரத்தில் துரை இரண்டு கையையும் மேலே தூக்கி, களம் முழுக்கக் கேட்கும்படி, "ஸ்ப்ளெண்டிட்" என்று கத்தினார்.

அதுவரை யாரும் கேட்டிராத சொல். மேற்குக் கயிற்றில் புதிதாகச் சேர்ந்த அந்தோணி அதை உத்தரவு என்று நினைத்துக் கயிற்றைக் கொஞ்சம் விட்டுவிட்டார். புகைபோக்கியின் தலை ஒரு பக்கமாகப் போய்த் திரும்பியது. அடிப்பாகம் என் வீட்டுக்காரர் தோளை உரசிக்கொண்டு நகர்ந்தது.

"நில்லு. எல்லாரும் கயித்தைக் கட்டு" என்றார் அண்ணன்.

கயிறுகள் தரையில் அடித்திருந்த முளைகளில் இறுகின. வின்ச் நின்றது. புகைபோக்கி வடத்தில் தொங்கியது.

துரை முகம் சிவந்து ஏதேதோ கத்தினார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டிருப்பார். அவ்வளவு பேச்சில் அண்ணனுக்குத் தெரிந்த சொல் ஸ்டாப் ஒன்றுதான் இருந்தது. ஸ்டாப் என்று கேட்டதும் அண்ணன் இன்னும் ஒரு கட்டு போடச் சொன்னார்.

முதலாளி ஓடி வந்தார். "என்னய்யா நிறுத்திட்டே? துரை கத்துறாரு பாரு."

"என்னா சொன்னாருன்னு தெரியலைங்க."

"என்னவோ சொல்லிட்டுப் போறாரு. நீ தூக்குய்யா."

"வடம் ஏதும் பிரிஞ்சிருக்குன்னு சொல்லியிருந்தா? போல்ட்டு நேரா இல்லைன்னு சொல்லியிருந்தா? அந்தப் பக்கம் எனக்குத் தெரியாதுங்க. கீழ மூணு பேரு நிக்கிறாங்க."

"இப்ப தூக்கலைன்னா நாளைக்கு வேற மேஸ்திரி வருவான்."

"வரட்டுங்க. நாளைக்குத்தானே. இன்னைக்கு நான் இருக்கேன்."

வின்சில் கை வைத்தபடியே காதர் பாய், "மொதலாளி, உங்களுக்கு இங்கிலீசு தெரியுமே, நீங்க சொல்லுங்களேன்" என்றார். முதலாளிக்குக் கையெழுத்துக்கு மேல் ஆங்கிலம் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். சிரிக்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

காற்று கிளம்ப ஆரம்பித்தது. முதலில் களத்து உமி ஓரமாகப் பறந்தது. பிறகு வடம் முனகியது. 

அடியிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "மச்சான், ஏத்துறதோ எறக்குறதோ சட்டுனு சொல்லுங்க. காத்து வருது."

"நீங்க மூணு பேரும் வெளிய வாங்க மாப்ள."

"வந்தா இது ஆடிப் போயிரும் மச்சான். கடப்பாரைதான் இப்ப தாங்குது."

அண்ணன் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நீ எட்டாவது படிச்சவதானே. அந்தச் சொல்லுக்கு என்னா அர்த்தம்?"

"தெரியலைண்ணே. எங்களுக்கு அது வரலை."

"அவருகிட்டயே கேட்டுட்டு வா."

அத்தனை ஆண்களுக்கு நடுவில், ஒரு வெள்ளைக்காரரிடம். என்னால் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். கடப்பாரையைத் தாங்கிக்கொண்டிருந்த அந்தத் தோளைப் பார்த்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன். முந்தானையை இழுத்துப் போர்த்தியதும், புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு போனதும் நினைவிருக்கிறது. பள்ளியில் புதுப் பாடம் நடத்தும்போது டீச்சர் ஒவ்வொரு சொல்லுக்கும் "மீனிங்?" என்று கேட்பார்கள். எனக்குக் கேட்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"சார், ஸ்ப்ளெண்டிட். மீனிங்?"

துரை என்னையே பார்த்தார். கோபத்தில் இருந்த மனிதருக்கு இந்தக் கேள்வி விளங்கவே இல்லை. மறுபடியும் கேட்டேன். கையால் புகைபோக்கியைக் காட்டி, அண்ணன் நின்ற பக்கத்தைக் காட்டி, தெரியாது என்று தலையை ஆட்டினேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அடியில் நின்ற மூன்று பேரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வெரி குட். வெரி, வெரி குட்" என்றார்.

வெரி குட் எனக்குத் தெரியும். அழகாக எழுதியதற்கு டீச்சர் ஒருமுறை என் சிலேட்டில் போட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, ரொம்ப ரொம்ப நல்லாருக்குன்னு அர்த்தமாம்" என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது என் கல்யாணம் ஆனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அண்ணன் உடனே இறக்கச் சொல்லவில்லை. "எது நல்லாருக்கு? தூக்குனதா, வடமா, என்னான்னு கேளு."

இதற்கெல்லாம் என்னிடம் ஆங்கிலம் ஏது. மேலே கையைக் காட்டி "ரோப் குட்?" என்றேன். துரை வடத்தை அண்ணாந்து பார்த்தார். உச்சியிலிருந்து அடிவரை நிதானமாகப் பார்த்தார். குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தார். "குட்" என்றார்.

"குட்டுண்ணே. எல்லாம் குட்டு."

"சரி. கயித்துக் கட்டை அவுத்துப் பிடிங்க. மேற்கு, நான் சொல்லாம ஒரு விரக்கடை விடாதே. பாய், எறக்குங்க. மெள்ள."

வின்ச் சுற்ற ஆரம்பித்ததும் துரை மறுபடி வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ தெரியாது. நான் என்னை அறியாமல் விரலை என் உதட்டில் வைத்துக் காட்டினேன். பிள்ளைகளுக்குக் காட்டுவது போல. பிறகுதான் யாரிடம் காட்டினேன் என்று உறைத்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

காற்று ஒருமுறை வேகமாக அடித்தது. தலை ஆடியது. நான்கு பக்கமும் கயிறு இறுகியது.  அண்ணனுடைய "மெள்ள, மெள்ள" மட்டும் கேட்டது. அடிப்பாகம் போல்ட்டுகளின் மேல் உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் முதல் நட்டைப் போட்டார். எல்லா நட்டும் முடுக்கி, வடம் தளர்ந்து தொங்கும் வரை அண்ணன் இடத்தை விட்டு அசையவில்லை.

அதன் பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு துரையிடம் வந்தார். தளர்ந்த வடத்தைக் காட்டினார். "பாப்பா, இப்ப சொல்லச் சொல்லு" என்றார்.

அதற்கு எனக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கவில்லை. துரைக்கு விளங்கிவிட்டது. அவர் இந்த முறை கத்தவில்லை. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அண்ணனும் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். காதர் பாய், "மேஸ்திரி இங்கிலீசு கத்துக்கிட்டாருடா, இனிமே கூலியைப் பவுன்ல குடுப்பாரு" என்றபோதுதான் ஆட்கள் சிரித்தார்கள். இட்லி ஆறிப் போயிருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேற மேஸ்திரி என்ற பேச்சை முதலாளி அதற்கப்புறம் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் கேட்டார். "அது நல்ல சொல்லுதான் பாப்பா. எப்ப சொல்றதுன்னு அதுக்குள்ள இல்லையே. அவங்க ஊர்ல பாரம் மேல இருக்கும்போதே சொல்லுவாங்களோ?" எனக்கு இன்றும் தெரியாது. அண்ணன் தமக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். வடம் தளர்ந்த பிறகுதான் அந்தச் சொல்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த முறைதான். எனக்கு முதல் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். எனக்கு அழுகையே வந்தது. தாயும் பிள்ளையும் வீடு வந்து சேர்ந்து, குழந்தையைத் தொட்டிலில் போட்ட பிறகு வந்து குனிந்து பார்த்து, "ஸ்பிளெண்டிட்டு" என்றார். பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டு நன்றாக எழுதியிருக்கிறேன் என்றால், "இன்னும் எறங்கல" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள், அது எந்தக் களத்தில் பிறந்தது என்பதை இப்போது தெரிந்துகொள்ளுங்கள். சின்ன மாமா வீட்டுக்கும் ஐப்பசி கழித்து அவர் போனார். வெளியிலிருந்து தளத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்தார். மாமா அப்போது வீட்டில் இல்லை. அத்தை சாட்சி.

கடைசியில் வயிற்றில் கட்டி வந்தது. பெரியாஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். நாளுக்கு நாள் முகம் தெளிந்தது. கஞ்சி இறங்கியது. டாக்டர், "நல்லாத் தேறிட்டாரும்மா" என்றார். நான் சந்தோஷம் தாங்காமல், "அண்ணே, ஸ்ப்ளெண்டிட்" என்றேன். அண்ணன் தலையணையில் சாய்ந்தபடி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அன்று களத்தில் நான் காட்டியது போலவே.  வீட்டுக்கு வந்த பிறகு கஞ்சி இறங்குவது நின்றது. டாக்டர்கள் வந்து பார்த்தார்கள், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், இரத்தம் கொடுத்த அந்தோணிக்கும், அண்ணன் படுத்திருந்த காலம் முழுவதும் வேலைக்குப் போகும் வழியில் தினமும் எட்டிப் பார்த்த காதர் பாய்க்கும், சோறு வடித்துக் கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், பழைய மனத்தாங்கலை மறந்து அண்ணன் கால்மாட்டில் வந்து உட்கார்ந்த சின்ன மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப் போனவர்கள் அதை என் எழுத்தின் குறை என்று எண்ண வேண்டும்.

கடைசி நாளையும் எழுதச் சொல்கிறார்கள் அண்ணி. அன்று கொள்ளிடக் கரையில் ஒரு பம்பு எஞ்சின் இறக்கும் வேலை. அண்ணன் மகன் முதல் தடவையாக மேஸ்திரியாக நின்றான். காலையிலிருந்து அண்ணன் கண் வாசலிலேயே இருந்தது. மருந்து வேண்டாம் என்றார். தண்ணீர் வேண்டாம் என்றார். ஒவ்வொரு முறை காற்றில் கதவு ஆடியபோதும் என்னைப் பார்த்தார். "இன்னும் வரலைண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தி சாயும் நேரத்தில் மகன் கை கால்கூடக் கழுவாமல் உள்ளே வந்தான்.

"எறக்கியாச்சுப்பா" என்றான்.

அண்ணன் அவனையே பார்த்தார்.

"நட்டு முடுக்கியாச்சு. வடத்தையும் தளத்தியாச்சு. எல்லாரும் சாப்பிட்டாச்சு."

அண்ணன் அந்தச் சொல்லைச் சொன்னார். குரல் வரவில்லை. உதட்டசைவில் தெரிந்தது. மகன் தன் வேலையைப் பற்றி அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டதே இல்லை.

மறுநாள் காலையில் அண்ணன் இறந்தார். தூக்கியவர்கள் அவருடைய ஆட்கள். நாங்கள் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். கொள்ளிடக் கரையில் கீழே இறக்கும் வரை ஆட்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார்.